பூவா தலையா

2024 பிப்ரவரி 8. டாக்காவின் கமலாபூர் மைதானத்தில் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (சாஃப்) 19 வயதுக்குட்பட்ட பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். இந்தியாவும் வங்கதேசமும் மோதின. எட்டாவது நிமிடத்தில் மணிப்பூரைச் சேர்ந்த சிபானி தேவி இந்தியாவுக்காக ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டே இந்திய அணி கடைசிவரை தாக்குப்பிடித்தது. 90 நிமிடமும் முடிந்து, இழந்த நேரத்துக்காகக் கொடுக்கும் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது வங்கதேசத்தின் சாகரிகா பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1.

பெனால்டிக்குப் போனார்கள். ஆளுக்கு ஐந்து உதைகளில் தீரவில்லை. ஆறாவது, ஏழாவது என்று நீண்டுகொண்டே போனது. கடைசியில் கோல்கீப்பர்களும் வந்து அடித்தார்கள். ஒரு அணிக்குப் பதினோரு பேர் என்று 22 பெண்கள். 22 பேரும் கோல் போட்டார்கள். 11-11.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உலகச் செய்தியானது. இப்படிச் சமமாக நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று கால்பந்து விதியில் தெளிவாக இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொருவராக வந்து அடிக்க வேண்டும்; ஒரு அணி தவறும்வரை அடிக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ஆட்ட ஆணையர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுக் காசு சுண்டவைத்தார். பூவா தலையா. இந்தியா வென்றதாக அறிவித்தார்கள். இந்தியப் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். வங்கதேசப் பெண்கள் மைதானத்தை விட்டு வெளியேற மறுத்தார்கள். பார்வையாளர் பக்கமிருந்து பாட்டில்கள் பறந்தன. ஆணையர் தன் முடிவைத் திரும்பப் பெற்று, ஷூட் அவுட்டைத் தொடரலாம் என்றார். இப்போது இந்திய அணி மைதானத்துக்குத் திரும்ப மறுத்தது. நீண்ட இழுபறிக்குப் பின் இரண்டு நாடுகளும் கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவித்து முடித்தார்கள்.

காசு சுண்டி முடிவு செய்வது கால்பந்தில் ஒரு காலத்தில் இருந்த வழக்கம்தான். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோல் இல்லாமல் சமன் செய்தபோது, காசு சுண்டித்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். உழைத்து ஆடியவர்களின் தலையெழுத்தைக் காசு தீர்மானிக்கலாமா என்ற கேள்வி வலுத்து, 1970இல் பெனால்டி ஷூட் அவுட் விதியாக வந்தது. ஆண்களின் ஆட்டத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்ட ஒன்றை, இந்தப் பெண்களின் ஆட்டத்தில் 2024இல் ஒரு அதிகாரி சட்டென்று கையில் எடுத்துவிட்டார். விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்கும் அளவுக்குக்கூட இந்த ஆட்டம் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை போலும்.

இது பலருக்கு ஒரு வேடிக்கைச் செய்தி. ஆனால் அந்த 22 பேர் அந்தப் பெனால்டிப் புள்ளிவரை வந்து சேர்ந்த வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், காசு சுண்டுவது அன்றைக்கு மட்டும் நடந்த தவறாகத் தெரியாது. அவர்கள் வந்த வழி நெடுக யாரோ காசு சுண்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

ஒரு கோப்பையின் வரலாறு

தெற்காசியாவில் பெண்கள் கால்பந்து ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1975இல் இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. 1980 தொடக்கத்தில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியா இறுதிக்குப் போய், தைவானிடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அதற்குப் பிறகு கவனிப்பாரில்லை. பல ஆண்டுகள் கழித்து, போதிய ஆட்டங்களே ஆடாததால் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியப் பெண்கள் அணியின் பெயரே காணாமல் போகும் நிலைக்கு வந்தது. ஆசியாவில் இரண்டாம் இடம் பிடித்த ஒரு நாடு, பட்டியலிலேயே இல்லாத நாடானது.

தெற்காசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் 2010இல்தான், வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கியது. 2019 வரை நடந்த ஐந்து போட்டிகளையும் இந்தியாவே வென்றது. இளையோர் போட்டிகள் இன்னும் தாமதமாக வந்தன. 15 வயதுக்குட்பட்டோருக்கான முதல் சாஃப் போட்டி 2017 டிசம்பரில் டாக்காவில் நடந்தது; வங்கதேசம் இந்தியாவை 1-0 என்று வென்றது. 2018இலும் 2019இலும் பூட்டானில் அதே இரண்டு அணிகள் இறுதியில் மோதின. இரண்டு முறையும் இந்தியா வென்றது. 18 வயதுக்குட்பட்டோருக்கான முதல் போட்டி 2018 அக்டோபரில் திம்புவில் நடந்தது. வங்கதேசம் நேபாளத்தை வென்றது. 2021இல் டாக்காவில் 19 வயதுக்குட்பட்டோருக்கு நடந்த போட்டியின் இறுதியில் ஆனாய் மோகினி போட்ட ஒரே கோலில் வங்கதேசம் இந்தியாவை வென்றது. 2022 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் இந்தியா கோப்பையைப் பெற்றது. அந்தப் போட்டியில் அதிகக் கோல் போட்டவர் மணிப்பூரின் லிண்டா கோம் செர்தோ. 2023இல் மீண்டும் வங்கதேசம். அதற்கடுத்ததுதான் காசு சுண்டிய 2024.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மோகினி, சக்மா, மண்டா, கோம், ஓரான், முண்டா, திர்க்கி. எல்லாம் மலைகளின் பெயர்கள், காடுகளின் பெயர்கள். நாடாளுமன்றத்திலோ பத்திரிகை அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ இந்தப் பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெண்கள் கால்பந்து அணியின் பட்டியலில் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஏன்?

பணமும் புகழும் கொட்டும் ஆட்டமாக இது இருந்திருந்தால் இந்த இடம் இவர்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், காப்புகள் வேண்டும், பயிற்சிக் கட்டணம் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து போதும், இருபது பிள்ளைகள் ஆடலாம், வெறுங்காலோடும் ஆடலாம். வசதி உள்ளவர்கள் விட்டுவைத்த ஆட்டத்தில் வசதி இல்லாத வீட்டுப் பெண்கள் நுழைந்தார்கள். நுழைந்த பிறகு தங்கள் உழைப்பால் அதைத் தங்கள் ஆட்டமாக்கிக் கொண்டார்கள்.

கல்சிந்தூருக்கு வந்த மின்சாரம்

வங்கதேசத்தின் எழுச்சி ஒரு தனியார் அகாடமியில் தொடங்கவில்லை. அரசு தொடக்கப்பள்ளிகளில் தொடங்கியது. 2011 முதல் அந்நாட்டு அரசு தொடக்கப்பள்ளி மாணவிகளுக்கென்று நாடு தழுவிய கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தத் தொடங்கியது. பள்ளி அளவில் ஆரம்பித்து ஒன்றியம், மாவட்டம், கோட்டம் என்று மேலே போகும் போட்டி.

மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலய எல்லையை ஒட்டி, தோபாவுரா பகுதியில் கல்சிந்தூர் என்றொரு கிராமம். காரோ பழங்குடியினரும் ஏழை முஸ்லிம், இந்துக் குடும்பங்களும் வாழும் ஊர். அங்கிருந்த அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர் மொஃபிஜ் உத்தின், இந்தப் போட்டிக்காகப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். ஊரில் எதிர்ப்பு வந்தது. பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்ற, நமக்கும் நன்றாகத் தெரிந்த அதே எதிர்ப்பு. ஆனாலும் அந்தப் பள்ளி தேசியக் கோப்பையை அடுத்தடுத்து வென்றது. அந்த ஒரே ஊரிலிருந்து தேசிய அணிக்கு மரியா மண்டா, சஞ்சிதா அக்தர் என்று வரிசையாகப் போனார்கள். 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூட்டமைப்பின் மண்டலப் போட்டி 2015இல் நேபாளத்தில் நடந்தபோது பூகம்பம் வந்து இறுதி ஆட்டம் தள்ளிப்போனது. அதே டிசம்பரில் அதை நடத்தியபோது வங்கதேசம் வென்றது. அடுத்த ஆண்டு தஜிகிஸ்தானில் மறுபடி வென்றது. இரண்டு அணிகளிலும் கல்சிந்தூர்ப் பெண்கள் இருந்தார்கள்.

இந்தப் பெண்கள் வென்று பெயர் வாங்கிய பிறகுதான் கல்சிந்தூருக்கு மின்சாரம் வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. கால்பந்தால் ஒளி பெற்ற கிராமம் என்று எழுதின. யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அவர்கள் தோற்றிருந்தால்? பக்கத்து ஊரில் கால்பந்து தெரிந்த ஆசிரியர் இல்லாமல் போயிருந்தால், அந்த ஊர் எதைக் காட்டி மின்சாரம் கேட்டிருக்கும்?

அந்த மரியாதையும் எவ்வளவு நாள் நீடித்தது? 2016 செப்டம்பரில் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் வென்ற கையோடு, கல்சிந்தூர்ப் பெண்களைத் துணைக்கு ஆளில்லாமல் சாதாரண பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வழியில் பஸ்ஸில் இருந்தவர்கள் அவர்களைக் கேலி செய்து தொல்லை கொடுத்தார்கள். நாட்டுக்காக வென்ற பெண்களுக்கு ஒரு வேன் பிடித்துத்தர ஆளில்லை.

சிட்டகாங் மலைப்பகுதியின் கதை இன்னும் கனமானது. 1960களின் தொடக்கத்தில் காப்தாய் அணை கட்டப்பட்டபோது, சுமார் ஒரு லட்சம் பேர் வீடும் நிலமும் இழந்தார்கள்; பெரும்பாலோர் சக்மா மக்கள். நிலத்துக்காகப் பல ஆண்டு ஆயுதப் போராட்டம் நடந்து, 1997இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மலைகளிலிருந்துதான் மர்மா சமூகத்தின் இரட்டைச் சகோதரிகளான ஆனாய் மோகினியும் ஆனுச்சிங் மோகினியும் வந்தார்கள். மோனிகா சக்மா, ருப்னா சக்மா, ரிதுபர்ணா சக்மா வந்தார்கள். 2022 செப்டம்பரில் வங்கதேசம் முதல்முறையாகத் தெற்காசியப் பெண்கள் கோப்பையை வென்றபோது கோல்கீப்பராக நின்றவர் ருப்னா. வெற்றிக்குப் பிறகு ரங்காமாத்தியில் அவருடைய இடிந்த வீட்டின் படம் பத்திரிகைகளில் வந்தது. உடனே அவருக்கு வீடு கட்டித்தரச் சொல்லிப் பிரதமர் உத்தரவிட்டார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் மறுபடி கோப்பை. வெற்றி கோல் ரிதுபர்ணாவுடையது.

அணைக்காக நிலத்தைப் பறிகொடுத்த மக்களின் பேத்தி, கோப்பை வாங்கிக் கொடுத்த பிறகு ஒரு வீட்டுக்குத் தகுதி பெறுகிறாள். பறித்த கணக்கு ஒரு லட்சம் பேருடையது. திருப்பிக் கொடுத்த கணக்கு ஒரு வீடு.

கும்லாவில் ஒரு சாலை

எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே கதைதான்.

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. இந்திய அணியில் ஜார்க்கண்டிலிருந்து மட்டும் ஆறு பேர். கேப்டன் அஸ்தம் ஓரான், கும்லா மாவட்டத்தின் ஒரு மலைக்கிராமத்துப் பெண். அவர் கேப்டன் ஆனதும் மாவட்ட நிர்வாகம் அவர் வீட்டுக்குச் சாலை போட முடிவு செய்தது. மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டுக்கு டிவி வந்தது. சாலை வேலையும் ஆரம்பித்தது. அந்தச் சாலையில் கல்லும் மண்ணும் சுமந்த கூலித் தொழிலாளர்களில் அஸ்தமின் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். நாள் கூலி 250 ரூபாய். மகளைக் கௌரவிக்கப் போடும் சாலைக்குப் பெற்றோரே கூலியாட்கள். அந்த மகளோ அதே நேரத்தில் புவனேஸ்வரத்தில் நாட்டின் கொடிக்கு முன்னால் கேப்டனாக நின்றாள்.

அந்தச் செய்தியை நெகிழ்ச்சியாகப் பகிர்ந்தவர்கள் பலர். நெகிழ என்ன இருக்கிறது? ஒரு கிராமத்துக்குச் சாலை என்பது குடிமக்களின் அடிப்படைத் தேவை. வாக்குச்சாவடிப் பெட்டி போகிற ஊருக்கெல்லாம் சாலையும் போயிருக்க வேண்டும். அது இத்தனை ஆண்டு போகாமல், ஒரு பெண் உலகக் கோப்பைக்குப் போனதும் போகிறது என்றால், அதற்குப் பெயர் வளர்ச்சியா?

இதற்கு ஒன்பது ஆண்டு முன்னால் ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓர்மாஞ்சியில் நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். 2009இல் தொடங்கிய யுவா என்ற அமைப்பில் கால்பந்து பழகிய கிராமத்துப் பெண்களுக்கு 2013இல் ஸ்பெயினில் ஒரு இளையோர் போட்டியில் ஆட அழைப்பு வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்கப் போனபோது பஞ்சாயத்து அலுவலகத்தில் தங்களை அறைந்தார்கள், தரையைப் பெருக்கச் சொன்னார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னது அப்போதே பத்திரிகைகளில் வந்தது. அவர்கள் எப்படியோ சான்றிதழ் வாங்கி, பாஸ்போர்ட் வாங்கி, ஸ்பெயின் போய் மூன்றாம் இடத்தோடு திரும்பினார்கள். திரும்பியதும் வரவேற்பு, மாலை, புகைப்படம்.

ஒரு பெண் பிறந்தாள் என்று எழுதித்தருவதுதான் அரசு செய்ய வேண்டிய முதல் வேலை. அதைக் கேட்டவளை அறைகிற கை, அவள் பதக்கத்தோடு வந்தால் மாலை போடுகிறது.

உலகக் கோப்பையில் அஸ்தமின் அணி அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றது. 16 கோல்கள் வாங்கி ஒன்றும் போடவில்லை. அந்தப் போட்டிக்கு முந்தைய மாதங்களில் அந்தப் பிள்ளைகள் என்னென்ன கடந்து வந்தார்கள் என்பதைச் சிலர்தான் பேசினார்கள். முதலில் 2020இல் நடக்க வேண்டிய போட்டி கொரோனாவால் ரத்தானது. அந்த அணிக்காகக் காத்திருந்தவர்கள் வயது கடந்து வெளியே போனார்கள். 2022இல் ஐரோப்பியப் பயணத்தின்போது அணியின் உதவிப் பயிற்சியாளர் பாலியல் அத்துமீறல் புகாரில் நீக்கப்பட்டார். ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பையே ஃபிஃபா சில நாட்கள் தடை செய்தது. போட்டி நடக்குமா என்றே தெரியாமல் அந்தப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இத்தனைக்கும் மேல் அவர்கள் உலகத்தின் பலமான அணிகளோடு மோத வேண்டியிருந்தது.

அதே உலகக் கோப்பை அணியில் இருந்த ராஞ்சி மாவட்டத்து நீது லிண்டாதான், 2024இல் டாக்காவில் இந்திய அணியின் கேப்டன். எதிரில் சமன் கோல் போட்ட சாகரிகா, வங்கதேசத்தின் வடமேற்கு மூலையில் உள்ள தாக்கூர்காவ் மாவட்டத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவரின் மகள். காசு சுண்டப்பட்டது இப்படிப்பட்ட பெண்களுக்கு நடுவில்தான். பாட்டில் வீசியவர்களுக்கும் இந்தப் பக்கம் தேசபக்தி முழக்கம் போட்டவர்களுக்கும் அது இந்தியா, வங்கதேசம். எனக்கு அது கும்லா, ரங்காமாத்தி, கல்சிந்தூர்.

தோற்றால் என்ன ஆகும்

வென்றால் சாலையும் வீடும் வருகின்றன. தோற்றால் என்ன வருகிறது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்று, ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் ஆதிக்கச் சாதியினர் பட்டாசு வெடித்து, ஆட்டம் போட்டு, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்றார்கள். அதே ஒலிம்பிக்கில் சில நாட்களுக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் கோல் போட்டவர் வந்தனா. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண். அந்தப் பெருமைக்குச் சில நாட்கள்தான் ஆயுள்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனை மறக்க முடியுமா? செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவரும் செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போனார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

பரிசாக வந்ததற்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. பதக்கம் போனால் பரிசும் போகும். கொடுத்தவர் நினைத்தால் திரும்பக் கேட்பார், குறைந்தபட்சம் நன்றியாவது கேட்பார். அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய கடைசி உரையில், அரசியலில் சமத்துவம் வந்துவிட்டது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு நீடிக்கிறது, இந்த முரண்பாட்டோடு எவ்வளவு காலம் ஓட்ட முடியும் என்று எச்சரித்ததை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அதே உரையில் அவர் இன்னொன்றும் சொன்னார். அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓ'கானலை எடுத்துக்காட்டி, எந்த மனிதரும் தன் மானத்தை விலையாகக் கொடுத்து நன்றியுடையவராக இருக்க முடியாது என்ற பொருளில் பேசினார். சாலைக்கும் விளக்குக்கும் வீட்டுக்கும் நன்றி சொல்லவைக்கப்படும் இந்தப் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டாவது எச்சரிக்கைதான் நினைவுக்கு வருகிறது. உரிமையாக வந்ததற்கு யாரும் யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை.

கடலூரும் சந்தவாசலும்

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலூரில் அரசு குழந்தைகள் இல்லத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அந்த மைதானத்திலிருந்துதான் இந்துமதி கதிரேசனும், அரசு இல்லத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதனும், சுமித்ரா காமராஜும் இந்திய அணிவரை போனார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பெண்கள் கால்பந்தின் கோட்டையான மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு தேசியக் கோப்பையைப் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் மறுபடி. இந்துமதி இன்று தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

கடலூரில் நடந்தது என்ன? ஒரு அரசு இல்லம் இருந்தது. ஒரு மைதானம் இருந்தது. தினமும் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். பாதுகாப்பான தங்குமிடமும் மூன்று வேளைச் சோறும் இருந்தன. கல்சிந்தூரிலும் இதேதான்: ஒரு அரசுப் பள்ளி, ஒரு ஆசிரியர், ஆண்டுதோறும் நடக்கும் ஒரு போட்டி. திறமை எங்கும் இருக்கிறது. இந்த மூன்றும் எந்த ஊரில் ஒன்றுசேர்கின்றன என்பது மட்டும் இன்னும் பூவா தலையாவாகவே இருக்கிறது.

நான் வேலை செய்யும் சந்தவாசல், வேலூர்–திருவண்ணாமலை சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர். மேலே மலையில் மலையாளிப் பழங்குடியினர். அடிவாரத்தில் எங்கள் காலனிகள், இருளர் குடியிருப்புகள். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் போகும்போது பிள்ளைகளும் கூடவே போகிற குடும்பங்கள் ஏராளம். இந்த மலையும் அடிவாரமும் நாடு முழுக்கச் செய்தியானது ஒரு கோப்பையால் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் எங்கள் பகுதி ஆட்களும் இருந்ததால்தான்.

இங்கே பெண்பிள்ளைகள் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். மலையேறி இறங்கிப் பள்ளிக்கு வரும் கால்கள் அவை. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புவரை பையன்களோடு சேர்ந்து ஆடுவார்கள். வயதுக்கு வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். உடைமாற்ற இடமில்லை, கழிப்பறையில் தண்ணீரில்லை, பி.டி. பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து நிற்கிறார். பொது மைதானம் என்று ஒன்று இருந்தால் அது ஊர்த்தெருப் பக்கம் இருக்கிறது. காலனிப் பெண்கள் அங்கே போய்ப் பந்து உதைத்தால் அன்று மாலையே பேச்சு வரும். சாதிச் சான்றிதழுக்காக ஒரு மலைக்குடும்பம் ஒரு அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணினால், அந்த நடையிலேயே பல ஆட்டங்கள் ஆடி முடித்துவிடலாம்.

எங்கள் பகுதியிலிருந்தும் ஒரு பெண் இந்திய அணிக்குப் போக வேண்டும் என்று எல்லோரையும் போல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி ஒருத்தி போனால்தான் எங்கள் காலனிக்குச் சாலை வரும் என்றால், அந்த ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன். அது அந்தப் பெண்ணின் தோளில் ஒரு ஊரின் பாரத்தையே ஏற்றுவது. பதினாறு வயதுப் பிள்ளை பெனால்டி அடிக்கும்போது அவள் மனதில் பந்தும் வலையும் மட்டும் இருக்க வேண்டும். ஊருக்குக் குடிநீர் வருமா என்ற கவலை இருக்கக் கூடாது.

கேட்க வேண்டியவை எளிமையானவை. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பெண்பிள்ளைகளுக்கு மைதானம், பெண் உடற்கல்வி ஆசிரியர், உடைமாற்றும் அறை, ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கூடுதலாக. விடுதிகளுக்கிடையே ஆண்டுதோறும் தவறாமல் ஒரு போட்டி. விடுதியிலிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போகிற போட்டி. புகார் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பான வழி. சான்றிதழ்கள் பள்ளியிலேயே, கேட்காமலேயே. பட்டியலின, பழங்குடி மக்களுக்கான துணைத்திட்ட நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2024இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அந்த நிதியில் நம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கேட்கப்போகிறோம். இதைப் படிக்கும் தோழர்கள் அவரவர் மாவட்டத்துக்குக் கேளுங்கள்.

கமலாபூரில் அந்த 22 பெண்களும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். ஒருத்தியும் தவறவில்லை. விதிப்படி நடக்காதது பெரியவர்கள்தான். வங்கதேசப் பெண்கள் மைதானத்தை விட்டு நகராமல் நின்றதால்தான் காசு சுண்டிய முடிவு மாறியது. கோப்பையைப் பகிர்ந்ததை விட, அப்படி நின்றதையே நம் பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர விரும்புகிறேன்.